பேனல் முன்னால் உங்கள் பயனரைக் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி

போன வருடம் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு, மதிப்பெண் போடும் பேனலில் ஒருவராக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நாலு பேர் கொண்ட ஒரு குழு, ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூப் போட்ட தரை ஓடு) போடும் பட்டறைகளுக்கு ஆர்டர் எடுக்க ஒரு ஆப் செய்திருந்தது. தலைப்பு, பொருளடக்கம், அறிமுகம், ஐந்து வட்டம் போட்ட ஒரு படம், எந்த டேட்டாபேஸ், எந்த லாங்வேஜ் என்று போய்க்கொண்டே இருந்து, பன்னிரண்டாவது ஸ்லைடில்தான் பயனர் வந்தார். அதுவும் ஒரு பொம்மைத் தலை. அதன் கீழே 'பயனர் 1, ஆண், வயது 40க்கு மேல்'.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அவர் போனை எந்தக் கையால் எடுத்தார்?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நின்ற மாணவி முன்னால் வந்து, "எடுக்கவே இல்லை சார்" என்று ஆரம்பித்தார். பட்டறையில் அந்த அண்ணன் கண்ணாடித் துண்டைச் சட்டத்துக்குள் வைத்து, அதன்மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சின்னக் கரண்டியால் கலர்ச் சாந்தை ஊற்றுகிறார். அச்சை மெல்லத் தூக்குகிறார். கலர் கலைவதற்குள் மேலே உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவையைப் போட்டு அழுத்தித் தேய்க்கிறார். மணிக்கட்டு வரை சிமெண்ட். போன் எங்கே இருந்தது என்றால், வாசல் பக்கம் ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பைக்குள். மாணவி இதைச் சொல்லும்போது கரண்டி பிடிப்பது போலக் கையை வைத்துக் காட்டினார். பேனலில் இருந்த மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். அடுத்த பத்து நிமிடம் அந்தக் குழு பேசியதுதான் நான் அந்த நாள் முழுக்கக் கேட்டதில் சிறந்த ப்ரசன்டேஷன், அதில் ஒரு ஸ்லைடுகூட இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தை யாரும் கேள்வி கேட்காமலேயே முதலிலேயே கொண்டுவருவது எப்படி என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. பயனரை மையமாக வைத்து வடிவமைத்தோம் என்று சொல்லிவிட்டு, பயனரே இல்லாத ப்ரசன்டேஷன் கொடுக்கக் கூடாது என்பது என் பிடிவாதமான கருத்து.

பிபிடியைத் திறக்காதீர்கள், நோட்டை எடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் சீனியர் கொடுத்த டெம்ப்ளேட்டைத் திறந்து தலைப்பை மாற்றுவதில்தான் தொடங்குகின்றன. அதைச் செய்யாதீர்கள். களத்துக்குப் போனபோது எழுதிய நோட்டு, எடுத்த போட்டோ, வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட வாய்ஸ் நோட்டு எல்லாவற்றையும் ஒரு மேஜையில் கொண்டுவாருங்கள். ஒரு ஏ4 தாளை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் போவதற்கு முன் என்ன நினைத்திருந்தோம். நடுவில் போய் என்ன பார்த்தோம். மூன்றாவதில் அதனால் எதை மாற்றினோம். குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும், பேசிக்கொள்ளாமல். எழுதி முடித்த பிறகு சேர்த்துப் பாருங்கள், ஒரே பட்டறைக்கு ஒரே நாளில் போன நாலு பேர் நாலு விஷயம் பார்த்திருப்பீர்கள்.

கல் பட்டறைக் குழுவின் தாள் இப்படி இருந்திருக்கும். நினைத்தது: ஆர்டர் வந்தவுடன் போனில் மணி அடிக்கும், வேலை செய்பவர் 'ஏற்றுக்கொண்டேன்', 'தொடங்கினேன்', 'முடிந்தது' என்று அழுத்துவார். பார்த்தது: கையெல்லாம் சிமெண்ட். அதோடு 'முடிந்தது' என்று ஒரு கணமே கிடையாது, ஏனென்றால் இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, போட்ட கல் தண்ணீரில் ஊற வேண்டும், அப்புறம் காய வேண்டும், கண்ணாடி விட்டு வந்த பிறகுதான் அந்தப் பளபளப்பே தெரியும். மாற்றியது: போன், முன்பக்கம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அக்காவிடம் போனது. உள்ளே வேலை செய்பவருக்குச் சுவரில் ஒரு கரும்பலகை. காலையில் ஆப்பைப் பார்த்து எந்தப் பூ, எத்தனை கல் என்று சாக்பீஸால் எழுதிவிட வேண்டியது.

அந்தப் பலகையைக் காட்ட அவர்களுக்கு வெட்கமாக இருந்ததாம். "சார், இது ஆப் ப்ராஜெக்ட், பலகையைக் காட்டினால் மார்க் குறைந்துவிடுமோ என்று எடுத்துவிட்டோம்" என்றார்கள். அந்த ப்ராஜெக்டிலேயே நல்ல முடிவு அந்தப் பலகைதான். உங்கள் ப்ராஜெக்டிலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும், 'இதெல்லாம் டெக்னிக்கலா இல்லையே' என்று நீங்கள் ஓரம் கட்டிய ஒன்று. அதைத் தேடி எடுங்கள். மூன்று பத்தியும் நிறைந்த வரிசைகளில் இரண்டோ மூன்றோ போதும், அவைதான் உங்கள் ப்ரசன்டேஷனின் முதுகெலும்பு. நடுப் பத்தியில் புதிதாக ஒன்றும் இல்லையென்றால், அதாவது நினைத்ததும் பார்த்ததும் ஒன்றாகவே இருந்தால், நீங்கள் இன்னும் ஒரு தடவை களத்துக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்.

எதை முதலில் சொல்வது

பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடத்தில் ஆள் வந்துவிட வேண்டும். எங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், அந்த வேலையில் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார். பொருளடக்க ஸ்லைடு வேண்டவே வேண்டாம். ஐந்து வட்டப் படத்தையும் எடுத்துவிடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூல் என்ற வடிவமைப்புப் பள்ளி பிரபலமாக்கிய அந்த ஐந்து படிகள் பேனலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். உங்கள் கல்லூரி கட்டாயம் கேட்டால் அதன் சாரத்தை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுங்கள்: சூழலைப் புரிந்துகொள்வது, தேவையை வரையறுப்பது, தீர்வைச் செய்வது, பயனரிடம் கொடுத்துச் சோதிப்பது, தேவைப்பட்டால் திரும்ப முதலிலிருந்து. ஐஎஸ்ஓ 9241-210 என்ற சர்வதேசத் தரநிலையும் இதைத்தான் சொல்கிறது. 1986இல் டொனால்ட் நார்மனும் ஸ்டீஃபன் டிரேப்பரும் தொகுத்த நூல் வழியாகப் பரவலான இந்தப் பயனர் மைய வடிவமைப்புத் துறையில் அன்றிலிருந்து மாறாத ஒன்று, திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. ஆகவே நீங்கள் எத்தனை தடவை திரும்பிப் போனீர்கள் என்பதைச் சொல்லுங்கள், அது வட்டப் படத்தைவிடப் பெரிய ஆதாரம்.

பயனர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே போடுங்கள். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தாலும் அந்த ஒரு வரி தமிழில் இருக்கட்டும். "கையெல்லாம் சிமிண்டு தம்பி, எங்கிட்டுப் போனை எடுக்குறது" என்பதை 'பயனர்கள் கையடக்கச் சாதனத்தைப் பயன்படுத்துவதில் சிரமம் எதிர்கொள்கின்றனர்' என்று மாற்றி எழுதினால் அந்த அண்ணன் காணாமல் போய்விடுகிறார். நாலு வரி வேண்டாம், சரியான ஒரு வரி போதும்.

போட்டோ விஷயத்தில் கவனமாக இருங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டது வேறு, கல்லூரியில் நூறு பேர் முன்னால் பெரிய திரையில் காட்டலாமா என்று கேட்பது வேறு. இரண்டையும் கேளுங்கள். முகம் வேண்டாம் என்றால் கையை மட்டும் காட்டுங்கள், பல சமயம் கைதான் கதையைச் சொல்கிறது. பெயர், ஊர்த் தெரு, போன் நம்பர் எதுவும் ஸ்லைடில் வரக் கூடாது. இன்னொன்று, கண்டாங்கிச் சேலையின் கரை, பனையோலைக் கூடையான கொட்டானில் வரும் பின்னல், கல்லின் பூ டிசைன் இதெல்லாம் அவர்களுடைய பிழைப்பு. புதிதாக அவர் யோசித்து வைத்திருக்கும் டிசைனை உங்கள் ஸ்லைடுக்கு அழகாக இருக்கிறது என்று போட்டுவிடாதீர்கள்.

எண்களைப் பற்றி

ஐந்து பேரிடம் சோதித்துவிட்டு '80 சதவீதம் பயனர்கள் திருப்தி' என்று போடுகிறார்கள். அது நாலு பேர். நாலு பேர் என்றே சொல்லுங்கள். யாராவது கேட்டால், ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு எளிமை (யூசபிலிட்டி) நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொல்லியிருக்கிறார் என்று பதில் வருகிறது. அவர் 2000இல் எழுதியது வேறு: ஒரு சராசரிப் பயனர் குறைகளில் ஏறக்குறைய 31 சதவீதத்தைக் காட்டிக்கொடுப்பார் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும். அது குறையைக் கண்டுபிடிக்கச் சொன்ன கணக்கு, எத்தனை பேருக்குப் பிடித்தது என்று சொல்வதற்கு அல்ல. அதே கட்டுரையில் பதினைந்து பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட ஐந்து ஐந்து பேராக மூன்று சுற்று போங்கள், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் திருத்துங்கள் என்றும் சொல்கிறார். அதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற பயன்பாட்டு எளிமை மதிப்பெண்ணைப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1986இல் ஜான் ப்ரூக் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல் அது, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஒற்றைப்படைக் கேள்விகளில் கிடைத்த மதிப்பெண்ணில் ஒன்றைக் கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் ஐந்திலிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும், பத்தையும் கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். வருவது 100க்கு ஒரு மதிப்பெண், சதவீதம் இல்லை. சராசரி 68 என்று எடுத்துக்கொள்கிறார்கள், எனவே 70 வாங்கியதை டிஸ்டிங்ஷன் மாதிரி அறிவிக்காதீர்கள். இரட்டைப்படைக் கேள்விகள் எல்லாம் எதிர்மறையாக இருக்கும். அதைத் தமிழில் வாசித்துக் காட்டும்போது வயதானவர்கள் குழம்பிப்போய், பிடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்ப்பா' சொல்லிவிடுவார்கள். அப்படி நடந்திருந்தால் மதிப்பெண்ணோடு சேர்த்து அதையும் சொல்லுங்கள்.

'நல்லா இருக்கு தம்பி'

இது நம் பக்கத்துக்கே உரிய சிக்கல், கொஞ்சம் நின்று பேச வேண்டும். செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்கோ பட்டறைக்கோ படிக்கிற பிள்ளைகள் போனால் முதலில் உட்காரச் சொல்வார்கள், காபி வரும், சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். வந்த பிள்ளைகள் கஷ்டப்பட்டு ஒன்றைச் செய்துகொண்டு வந்து காட்டும்போது, அது நன்றாக இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. "நல்லா இருக்கு தம்பி, நல்லா படிங்க" என்று அனுப்பிவைப்பார்கள். அது அன்பு. அதைப் பயனர் கருத்து என்று ஸ்லைடில் போடக் கூடாது.

இதைத் தாண்ட எனக்குத் தெரிந்த வழிகள் சில உண்டு. ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுபோங்கள், 'இதில் எதைத் தூக்கிப் போடலாம் அண்ணே' என்று கேளுங்கள், அப்போது பிள்ளைகள் மனம் நோகும் என்ற கவலை பாதி போய்விடும். அல்லது, 'இதை உங்கள் மகனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் திணறும் இடத்தில்தான் உங்கள் ஆப்பும் திணறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாயைக் கேட்பதைவிடக் கையைப் பாருங்கள். விரல் எங்கே தயங்கியது, எதை இரண்டு தடவை அழுத்தினார், எப்போது மூக்குக்கண்ணாடியைத் தேடினார். ப்ரசன்டேஷனில் 'பிடித்திருக்கிறது என்றார்கள்' என்ற வரியின் இடத்தில் இந்தக் கைக் குறிப்புகளில் ஒன்றை வையுங்கள்.

டெமோ

நெட் கிடைக்காது என்று நினைத்தே போங்கள். திரைகளை அச்சடித்து ஒரு செட், வீடியோவாகப் பதிவு செய்து ஒரு செட். முடிந்தால் பேனலில் ஒருவரிடமே போனைக் கொடுங்கள். கொடுக்கும்போது 'மேலே இருக்கும் பச்சைப் பட்டனை அழுத்துங்கள்' என்று சொல்லாதீர்கள், அது சோதனையே இல்லை. "உங்கள் வீட்டு வளவுக்கு இருநூறு கல் வேண்டும், ஆர்டர் கொடுத்துப் பாருங்கள்" என்று வேலையைச் சொல்லுங்கள், அப்புறம் வாயைத் திறக்காதீர்கள். அவர் மாட்டிக்கொண்டால் பாய்ந்துபோய் உதவி செய்ய வேண்டாம். என்ன நினைத்து அங்கே அழுத்தினீர்கள் என்று கேளுங்கள், நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பேனல் முன்னால் நின்று குறிப்பெடுக்கும் மாணவரைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சிந்தித்து எழுதும் பகுதி

ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி, கற்றுக்கொண்டது என்ன என்று எழுதச் சொல்வார்கள். பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரி ஒருவர் எழுத, நாலு பேரும் அதையே ஒட்டிக்கொள்வீர்கள். 'இந்த ப்ராஜெக்ட் மூலம் குழுவாகச் செயல்படுவதையும் நேர மேலாண்மையையும் கற்றோம்' என்று வரும். அந்த வரியை எந்த ப்ராஜெக்டிலும் ஒட்டலாம், பாலம் கட்டினாலும் ஒட்டலாம், அதனால்தான் அது ஒன்றுமே சொல்வதில்லை.

வேறொரு குழு பனையோலைக் கொட்டான் முடையும் பெண்களுக்காக ஆர்டர் படிவம் ஒன்று செய்தது. அதில் ஒரு மாணவர் எழுதியதை எனக்கு ஞாபகம் இருக்கும் அளவில் சொல்கிறேன். 'மூன்றாம் தடவை போனபோதுதான் ஆச்சி செ.மீ. என்ற கட்டத்தை நிரப்பாமல் தாண்டிப் போவதைக் கவனித்தேன். முதல் இரண்டு தடவையும் அதை நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. ஆச்சியிடம் கேட்டால் "இது கால் படி பிடிக்கும், அது அரைப் படி பிடிக்கும்" என்கிறார். அவருக்கு அளவு என்பது உள்ளே என்ன கொள்ளும் என்பதுதான். நான் உதவி செய்யாமல் இருந்திருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். அடுத்த தடவை யாராவது தயங்கினால் பத்து எண்ணும்வரை கையை நீட்ட மாட்டேன்.'

பாருங்கள், இதில் தத்துவம் எதுவும் இல்லை. ஒரு நாள், ஒரு கட்டம், தான் செய்த ஒரு தவறு, அதனால் போன இரண்டு வாரம், இனி என்ன செய்வார் என்ற ஒரு சின்ன முடிவு. 1983இல் டொனால்ட் ஷான் என்ற கல்வியாளர் இரண்டு வகைச் சிந்தனையைப் பிரித்துச் சொன்னார், வேலை நடக்கும்போதே யோசித்துத் திசை மாற்றுவது ஒன்று, முடிந்த பிறகு திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இந்த மாணவர் இரண்டாவதைச் செய்து, அடுத்த தடவை முதலாவதைச் செய்யத் தயாராகிறார்.

சில கல்லூரிகளில் கிரஹாம் கிப்ஸ் 1988இல் கொடுத்த ஆறு படிச் சுழற்சியைக் கொடுத்து அதன்படி எழுதச் சொல்வார்கள்: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, அலசல், முடிவு, அடுத்த திட்டம். நல்ல சட்டகம்தான். ஆனால் நான் படிக்கும் பக்கங்களில் முக்கால்வாசி முதல் படியிலேயே தீர்ந்துவிடுகிறது, எந்த பஸ் ஏறினோம், எத்தனை மணிக்கு இறங்கினோம் என்று. நடந்ததை நாலு வரியில் முடியுங்கள். ஏன் அப்படி முடிவெடுத்தேன் என்ற இடத்தில் நேரம் செலவழியுங்கள்.

இதையெல்லாம் கடைசி ராத்திரி எழுத முடியாது, மறந்துபோயிருக்கும். கானாடுகாத்தானிலிருந்தோ ஆத்தங்குடியிலிருந்தோ காரைக்குடிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே ஆளுக்கு இரண்டு நிமிடம் வாய்ஸ் நோட்டு போட்டுவிடுங்கள். இன்று எது ஆச்சரியமாக இருந்தது, எங்கே சங்கடமாக இருந்தது, நான் எதை மறைக்கப் பார்த்தேன். செமஸ்டர் முடிவில் பத்து வாய்ஸ் நோட்டு இருந்தால் அந்தப் பக்கம் தானாக எழுதிக்கொள்ளும். குழுவுக்கு ஒரு பக்கம் என்று வேண்டாம், ஆளுக்கு ஒன்று.

கேள்வி நேரம்

'பயனர் கேட்டதை ஏன் அப்படியே செய்யவில்லை?' என்று கட்டாயம் கேட்பார்கள். அவர் கேட்டது என்ன, அதற்குப் பின்னால் இருந்த தேவை என்ன என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாத கேள்வி வந்தால் 'அதை நாங்கள் பார்க்கவில்லை, பார்ப்பதாக இருந்தால் இன்னாரிடம் போய்க் கேட்போம்' என்று சொல்லுங்கள். சோதனையில் ஆப் தோற்றுப்போயிருந்தால் அதையும் மூடி மறைக்காமல் சொல்லுங்கள். எந்த இடத்தில் தோற்றது என்று கண்டுபிடித்த குழுவுக்கு, எல்லாம் சரியாக வந்தது என்று சொல்லும் குழுவைவிட நான் எப்போதும் கூடுதல் மார்க் போட்டிருக்கிறேன்.

இன்னொரு ப்ரசன்டேஷன்

கல்லூரியில் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பட்டறையில் ஒரு தடவை கொடுத்துவிடுங்கள். சாயங்காலம் வேலை ஓய்ந்து கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கும் நேரம் பார்த்துப் போங்கள். லேப்டாப் வேண்டாம், சிமெண்ட் தூசி, அதுவுமில்லாமல் ஆளுக்கு ஆள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அச்சடித்த தாள்கள் போதும். 'உங்களைப் பற்றி இப்படித்தான் அங்கே சொல்லப்போகிறோம், எது தப்பு' என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் பேனாவை அவர் கையில் கொடுங்கள்.

கல் பட்டறைக் குழு ரிவியூ முடிந்த பிறகு, அடுத்த சனிக்கிழமை அப்படிப் போனது. சுவரில் அவர்கள் மாட்டிய பலகையில் பூவின் பெயரும் எண்ணிக்கையும் என இரண்டு பத்திதான் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, எந்தக் கல் எந்த நாள் தண்ணீரில் இறங்கியது என்று எழுதி வைத்திருந்தார். அதைப் படம் எடுக்கலாமா, கல்லூரியில் காட்டலாமா என்று இரண்டும் கேட்டுத்தான் எடுத்தார்கள். இறுதி வைவாவில் அந்தப் பலகைதான் முதல் ஸ்லைடு.